தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் ஜெயசீலனுக்குப் பேரம் பேச வராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் தெருவுக்கே தெரிந்த செய்தியைத்தான் சொல்கிறேன். ஆம்பூர் பஜாரில் கத்தரிக்காய் விற்கிற அம்மா ஒரு விலை சொன்னால், "அவ்ளோதானாம்மா? உனக்குக் கட்டுப்படி ஆவுதா?" என்று இவர் கேட்பார். ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர் தாமே வாடகையைக் குறைத்துக்கொண்டு போனார். இவர் முகத்தைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லையாம். அதிலிருந்து மீன் முதல் சீலிங் ஃபேன் வரை எங்கள் வீட்டில் விலை கேட்பது நான்தான். இவர் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பார். கிட்டே வந்தால் விலை ஏறிவிடும்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்கள் ஷூ கம்பெனி ஒப்பந்தம் பேசும் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தது. தண்ணீர் லாரி, கேன்டீன், செக்யூரிட்டி, ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வரும் வேன்கள், இவை எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்து, பேசி முடித்து, கையெழுத்துப் போடுவது அட்மின் ஆபீசரான இவர் வேலை. நானும் அதே கம்பெனிதான். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் செக்கர். இவருக்கு ஆபீஸ் நேரம், எனக்கு ஷிஃப்ட் நேரம். இவர் பைக்கில் போவார், நான் எங்கள் ஊர்ப் பெண்களோடு வேனில் போவேன்.

வேடிக்கை என்னவென்றால், கம்பெனி நன்றாகவே நடந்தது. இவரை ஏமாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. தண்ணீர் லாரி மே மாதத்திலும் வந்தது. கேன்டீன் சாம்பாரில் தேடாமலே பருப்பு கிடைத்தது. யாரும் இவரைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அப்படியே ரிட்டயர் ஆகியிருப்பார், பாவம்.

அப்போதுதான் தூபா மேடம் வந்தார். எங்கள் முதலாளி அப்துல் வஹீத் பாயின் தம்பி மகள், லண்டனில் படித்தவர். நல்ல பெண், குறை சொல்லக் கூடாது. எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்வார், எங்களோடு கேன்டீனில் வரிசையில் நின்று சாப்பிடுவார். எதையும் அளக்காமல் இருக்க முடியாது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த வியாதி. வந்த வேகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெளியாட்களோடு பேசும்போது நம் கம்பெனி எவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்று இதுவரை யாரும் அளந்ததே இல்லையாம். அளந்தால்தானே முன்னேற முடியும்? ஆகவே இனி ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நூற்றுக்கு மார்க்.

மார்க் போடும் விதம் ரொம்பச் சுலபம். ஒப்பந்தத்தில் இருக்கிற ஒவ்வொரு அம்சத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் கேட்டது கிடைத்தால் முழு மார்க். பாதி கிடைத்தால் பாதி. விட்டுக்கொடுத்தால் முட்டை. எது பெரிய அம்சம், எது சின்ன அம்சம் என்ற பேச்சே கிடையாது. வேனுக்கு பிரேக் பிடிக்க வேண்டும் என்பதற்கும் அதே மார்க், டிரைவர் நீலச் சட்டை போட வேண்டும் என்பதற்கும் அதே மார்க். சமத்துவம் என்று மேடைபோட்டுப் பேசுகிறவர்கள் எங்கள் கம்பெனிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பழைய ஒப்பந்தங்களையெல்லாம் எடுத்து மார்க் போட்டார்கள். அன்றைக்கு இவர் பத்தாம் வகுப்பில் ஃபெயிலான பையன் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"முப்பத்தொண்ணு, ஜாஸ்மின்."

"பாஸ் மார்க் எவ்ளோங்க?"

"அம்பது. அடுத்த வாட்டி அம்பதுக்குக் கீழ போனா டேனரிக்கு மாத்திடுவாங்களாம். பச்சைத் தோல் குடோனுக்கு."

வாணியம்பாடிப் பக்கம் எங்கள் கம்பெனிக்குத் தோல் பதனிடும் டேனரி ஒன்று உண்டு. அங்கே அறுப்புக்கூடத்திலிருந்து நேராக வரும் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைக்கும் இடம்தான் அந்தக் குடோன். அதன் வாசனையை நான் விவரிக்கப் போவதில்லை. யாராவது சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கலாம்.

இவர் விடாமல் படிக்க ஆரம்பித்தார். போனில் வீடியோ பார்த்தார், கம்பெனி நடத்திய வகுப்புக்குப் போனார். பழகிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? செலவில்லாமல் வீட்டிலேயே நான் இருந்தேன்.

ஒருநாள் காலையில், "டீ போடட்டுமாங்க?" என்று கேட்டேன். இவர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தார்.

"இன்னாங்க, காது கேக்கலயா?"

"மௌனம், ஜாஸ்மின். எதிராளி மொதல் ஆஃபர் குடுத்ததும் நாம பேசக் கூடாது. அவங்களே பதறிப்போய் எறங்கி வருவாங்க."

நான் பதறவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அன்றைக்கு இவருக்கு டீ இல்லை.

அடுத்த வாரம் வேறொரு பாடம். நமக்கு ஒன்று வேண்டும் என்றால் பத்தாகக் கேட்க வேண்டும். ஒன்பதை மனசில்லாமல் விடுகிற மாதிரி விட வேண்டும். மிஞ்சுகிற ஒன்றை எதிராளி மறுக்க மாட்டான். இதையும் என்னிடம்தான் ஒத்திகை பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டன் குழம்பு, மீன் வறுவல், முட்டை என்று கேட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு விட்டு ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசியில் ரசத்துக்கு வந்து நின்றார். நான் வைத்திருந்ததும் ரசம்தான். ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் பண்ணும்போதுகூட முதலில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்டுவைத்தார். ஆண்டவர் எத்தனை மார்க் போட்டாரோ, தெரியாது.

அப்புறம்தான் வேன் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. எங்கள் ஊர் வேன் தனகோடியுடையது. பக்கத்து ஊர்க்காரர், வண்டியை அவரே ஓட்டுகிறவர். இவர் அவரை ஆபீசில் உட்காரவைத்துச் சுவரைப் பார்த்தார். தனகோடி பதறிவிட்டார். ஜெயசீலன் சார் இப்படி உம்மென்று இருந்து அவர் பார்த்ததே இல்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்து, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். நீலச் சட்டை, சரி. முதலுதவிப் பெட்டி, சரி. ஜன்னலுக்குத் திரை, சரி. வண்டி முதுகில் கம்பெனி படம், வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவுவது, டிரைவர் வாயில் பாக்கு போடாமல் இருப்பது, எல்லாம் சரி. திருப்பி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், இனிமே ஊருக்குள்ள வண்டி வராது சார். சந்துல ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள உயிர் போவுது. ஹைவே மேலயே எறக்கி ஏத்திக்கறேன்."

இவர் அதை விட்டுக்கொடுத்தார். எண்பத்தெட்டு மார்க். அன்று சாயங்காலம் மக்கன்பேடா ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். விஷயம் தெரியாமல் நான் இரண்டு தின்றேன்.

திங்கட்கிழமை தெரிந்தது. ஷிப்மென்ட் நேரம், எங்களுக்கு ஓவர்டைம். வேன் மேம்பாலம் இறங்கும் இடத்தில் நின்றது. கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்கம்மா" என்றார் தனகோடி, புது நீலச் சட்டையில். அங்கிருந்து எங்கள் ஊருக்கு சர்வீஸ் ரோட்டைத் தாண்டி, ஒயின்ஷாப்பைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். இருட்டுகிற நேரத்தில் அந்தக் கடை வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள், எப்படி நிற்பார்கள், எந்தெந்த மாதிரி பாடுவார்கள் என்பதெல்லாம் மார்க்கில் வராது. தலையைக் குனிந்துகொண்டு கூட்டமாக நடந்தோம்.

என்னோடு லைனில் வேலை செய்யும் வள்ளியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "யாருடி இந்தக் கையெழுத்துப் போட்ட மகராசன்?" என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "அடடே, உன் வூட்டுக்காரர் இல்ல?" என்றாள். எனக்கு நடுரோட்டில் மானம் போயிற்று.

புதன்கிழமை ஒருவன் சௌந்தர்யாவின் சாப்பாட்டுப் பையைப் பிடித்து இழுத்தான். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு வந்த பெண். சம்பளத்தில் தபால் வழியாக டிகிரி படிக்கிறாள். நாங்கள் எல்லோரும் கத்தியதும் அவன் பையை விட்டுவிட்டுச் சிரித்தான். மறுநாள் அவள் வரவில்லை. "வண்டி ஊருக்குள்ள வந்தா அனுப்பறேன். இல்லன்னா தை மாசம் கல்யாணத்த முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். வயசுப் பெண் இருக்கிற மற்ற வீடுகளிலும் அதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்தேன்.

"அது ஒரே ஒரு பாயிண்ட்டு ஜாஸ்மின். மத்தது பூரா நாம ஜெயிச்சிட்டோம்."

"நாமன்னா யாருங்க?"

"கம்பெனி."

"அந்த வண்டியில போறது யாரு? கம்பெனியா? அந்த ஒரு பாயிண்ட்ல எறங்கறது உங்க பொண்டாட்டின்னு தெரியாதா?"

இவர் சுவரைப் பார்த்தார். வகுப்பில் படித்த மௌனமா, சொல்ல வாய் வராத மௌனமா என்று எனக்குப் புரியவில்லை. மறந்துபோயிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மார்க் மயக்கத்தில் மனுஷனுக்கு எதுவும் மறக்கும்.

எங்கள் பக்கத்து வேன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறினால் ஊரே ஏறும். ஏறாவிட்டால் ஒருத்தியும் ஏற மாட்டாள். கல்யாணமோ சாவோ திருவிழாவோ, லீவு என்றால் மொத்தமாகத்தான். வெள்ளிக்கிழமை காலை தனகோடி ஹைவேயில் ஹாரன் அடித்து அடித்துக் கை சலித்துப் போனார். எங்கள் லைனில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்தான். லைன் படுத்துவிட்டது. ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஷூ மேல்பாகம் இல்லாமல் அடிப்பாகமாகவே கிடந்தது.

மத்தியானம் தூபா மேடமே போன் செய்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ ஒரே உற்சாகம். பேச்சுவார்த்தை என்றால் அதற்கும் மார்க் போடலாமே! கம்பெனி தரப்பில் பேச ஆகச் சிறந்த மார்க் வாங்கியவரை நியமித்தார். பெண்கள் தரப்பில் யார் என்ற கேள்வி வந்தபோது வள்ளியம்மாள் என்னை முன்னால் தள்ளினாள். "நீதான் பேசணும். உனக்குத்தான் வூட்ல பழக்கம் இருக்குது."

ஏசி ரூமில் உட்கார்ந்தோம். இந்தப் பக்கம் நானும் வள்ளியம்மாளும். எதிரே இவர், டை கட்டிக்கொண்டு. ஓரத்தில் தனகோடி. மேஜையின் தலைப்பக்கம் லேப்டாப்போடு தூபா மேடம். இவர் என்னை "வாங்க மேடம்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். ஆனால் அந்தச் சுவரை அவருக்குப் பழக்கிவிட்டதே நான்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் இவரே தொண்டையைக் கனைத்து, "உங்க கோரிக்கைகளச் சொல்லுங்க" என்றார்.

ஒன்று வேண்டும் என்றால் பத்தாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன். சீட்டுக்கு மெத்தை. தலைக்கு மேலே ஆளுக்கொரு ஃபேன். குளிர்ந்த தண்ணீர். போகும்போது பக்திப் பாட்டு, வரும்போது சினிமாப் பாட்டு. ஏறும் இடத்தில் ஒரு கண்ணாடி. ஓவர்டைம் முடிந்தால் டீயும் பஜ்ஜியும். பிறந்தநாளுக்கு லீவு. வள்ளியம்மாளும் சும்மா இருக்கவில்லை, "வருசத்துக்கு ஒரு வாட்டி ஏலகிரி டூர்" என்று எடுத்துக் கொடுத்தாள். தனகோடிக்கு ஏசியிலேயே வேர்த்தது. கடைசியாக, ஏதோ ஞாபகம் வந்தது போல, "வண்டி ஊருக்குள்ள வந்து தெருமுனையில எறக்கணும்" என்று சேர்த்தேன்.

பிறகு விட ஆரம்பித்தேன். மெத்தையை விட்டேன், பெருமூச்சோடு. ஃபேனை விட்டேன், நெற்றியில் கை வைத்து. பாட்டு, கண்ணாடி, பஜ்ஜி, எல்லாம் போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் தூபா மேடம் லேப்டாப்பில் ஒரு தட்டுத் தட்டினார், இவர் முகத்தில் வெளிச்சம் ஏறியது. ஏலகிரியை விட்டபோது வள்ளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது நடிப்புதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அவள் ஏலகிரி பார்த்ததில்லை.

மிஞ்சியது வேன் ஒன்றுதான். தனகோடியே, "சரி விடுங்க சார், உள்ள வந்துட்டுப் போறேன். பொம்பளைப் புள்ளைங்க" என்று முனகினார். முடிந்தது என்று நினைத்தேன்.

இவர் பேனாவை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

"மேடம், இதுல ஒரு சிக்கல் இருக்குது. பேசறவரோட சொந்தக்காரங்களுக்கு ஆதாயம் வந்தா பத்து மார்க் கழிக்கணும்னு ரூல் போட்டிருக்கீங்க. ஜாஸ்மின் என் மனைவி. அந்த வண்டி ஊருக்குள்ள வந்தா அவங்களுக்கும் ஆதாயம்."

"கரெக்ட்," என்றார் தூபா மேடம். "நல்லவேளை சொன்னீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "போன வாட்டியும் இது தெரியுமாங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்," என்றார், மேஜையைப் பார்த்து. "உன் ஸ்டாப்பிங்னு தெரிஞ்சதனாலதான் மறுபேச்சில்லாம அத விட்டேன். பத்து பத்தா விட்டா மறுபடி முப்பத்தொண்ணுக்கே போயிடுவேன், அப்புறம் குடோன் ஜாஸ்மின். என்னால முடியாது."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அதுவரை செய்த நடிப்பெல்லாம் எங்கேயோ போய், நிஜமான அழுகை. மறந்துவிட்டார் என்றால் நாலு திட்டுத் திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன். இவர் மறக்கவில்லை. ஒயின்ஷாப் வாசலையும் என்னையும் மனசில் வைத்துக்கொண்டே, பத்து மார்க் எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறார். வள்ளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் தை மாசம் சௌந்தர்யாவுக்குக் கல்யாணம் ஆகிவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"அப்படின்னா இப்படி எழுதுங்க. வண்டி ஊருக்குள்ள வந்து எல்லாரையும் அவங்கவங்க தெருமுனையில எறக்கணும். ஜாஸ்மின் மட்டும் ஹைவேயிலயே எறங்கிக்கணும். அப்ப சொந்தக்காரங்களுக்கு ஆதாயம் இல்லயே?"

தூபா மேடம் தட்டுவதை நிறுத்தினார். "ஜாஸ்மின், ஆர் யூ ஷ்யூர்?"

"ஷ்யூர் மேடம்."

அவர் அந்த ரூலைத் திரையில் தேடிப் படித்தார். "ரூல்படி... இதுல மார்க் கழிக்க முடியாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தனகோடியும் பார்த்தார். "வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வார் என்றுதான் நம்பினேன். கத்தரிக்காய்க்காரிக்காகக் கவலைப்படுகிற மனுஷன் ஆச்சே.

கையெழுத்துப் போட்டார். தொண்ணூற்றாறு மார்க். கம்பெனியிலேயே அதுதான் ரெக்கார்டு. எல்லோரும் கை தட்டினார்கள், நான் உட்பட.

திங்கட்கிழமை சாயங்காலம் வேன் மேம்பாலம் இறங்கும் அதே இடத்தில் நின்றது. சௌந்தர்யாவும் உள்ளே இருந்தாள். ஒப்பந்தத்தில் உள்ளபடி நான் இறங்கினேன். "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நாலடி வைப்பதற்குள் பின்னால் கதவுச் சத்தம். வள்ளியம்மாள் இறங்கிவிட்டாள். "உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சுடி," என்றாள். அவளுக்குப் பின்னால் சௌந்தர்யா, அவளுக்குப் பின்னால் மொத்த வேனும்.

"ஏம்மா, கையெழுத்து ஆயிடுச்சு, வண்டி ஊருக்குள்ள போயே ஆவணும்!" என்று கத்தினார் தனகோடி.

"தாராளமா போ. யாரு வேணாம்னா?" என்றாள் வள்ளியம்மாள்.

நாங்கள் முன்னால் நடந்தோம். காலி வேன் லைட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வேகத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. ஒயின்ஷாப் வாசலில் நின்றவர்கள் அந்த வெளிச்சத்தில் கண் கூசி ஓரத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேறிக்கொண்டிருந்தது.

கடையைத் தாண்டிய இடத்தில் இவர் பைக்கோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. சட்டையெல்லாம் வேர்த்திருந்தது.

"ஏறு ஜாஸ்மின்."

"வேணாங்க. சொந்தக்காரிக்கு ஆதாயம் ஆயிடும்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வண்டியை அணைத்தார். பைக்கைத் தள்ளிக்கொண்டு எங்களுக்குப் பின்னால், வேனுக்கு முன்னால் நடந்து வந்தார். அழுதுகொண்டே வருகிறார் என்று சௌந்தர்யா என் காதில் சொன்னாள். இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.